நகரும் மணலுக்கு ஒரு பூட்டு

கோல்ஃப் ஸ்காட்லாந்தில் பிறந்த விளையாட்டு. அங்கே கடலோரத்தில் இன்னொரு மைதானம் அமைவதில் என்ன குற்றம் என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். கேள்வியிலேயே பிழை இருக்கிறது என்பது நம் கருத்து.

அபர்டீனுக்கு வடக்கே, பால்மெடியை அடுத்த மெனியில் டொனால்டு டிரம்ப்பின் நிறுவனம் கேட்டது வெறும் தரிசை அன்று. ஃபோவரன் லிங்க்ஸ் எனப்படும் அம்மணற்பரப்பின் ஒரு பகுதி, அறிவியல் முக்கியத்துவம் கருதி அரசால் காக்கப்பட்டு வந்தது. காரணம், அங்கே மணல் நகர்ந்துகொண்டிருந்தது. காற்று ஒரு மேட்டைக் கரைத்து வேறொன்றைக் குவிக்கும். இடையில் ஈரப் பள்ளங்கள் தோன்றும், மறையும். நெய்தற் பாடல்களைக் கற்பிக்கும் நாம் 'எக்கர்' என்றால் அலை குவித்த மணல்மேடு என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அம்மேடு நிற்பதில்லை என்பதைச் சொல்வதில்லை. கோல்ஃபுக்கோ நிலம் நின்றாக வேண்டும். புல் நட்டு மணலைக் கட்டிப்போட்டால் மைதானம் கிடைக்கும்; எதன்பொருட்டு அவ்விடம் காக்கப்பட்டதோ அது மடியும்.

2007 நவம்பரில் உள்ளூர் மன்றக் குழு அனுமதி மறுத்தது. அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் ஆட்சேபித்தது. 2008 நவம்பரில் ஸ்காட்டிஷ் அரசு, பொருளாதார நலனைக் காட்டி அனுமதித்தது. நூறு கோடி பவுண்டு, 6,000 வேலைகள், 450 அறை விடுதி! மைதானம் 2012இல் திறக்கப்பட்டது. அந்த விடுதி எழவில்லை. 2020 டிசம்பரில் மெனி மணலின் காப்புத் தகுதியே நீக்கப்பட்டது. காக்கத்தக்க சிறப்பு போதிய அளவு மிஞ்சவில்லையாம். நோயாளி இறந்தபின் மருத்துவச்சீட்டைக் கிழிப்பது போன்ற நேர்மை இது.

மக்களின் நடையுரிமை பறிபோகவில்லையே என்பர். 2003ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் அங்கே நிலத்திலும் நீரிலும் உலவும் உரிமையைத் தந்திருக்கிறது, உண்மை. ஆனால் அதே சட்டத்தின்படி கோல்ஃப் மைதானத்தைக் குறுக்கே கடக்கலாம். பொழுதுபோக்காக அங்கே தங்கித் திரிய இயலாது. குழந்தை சறுக்கி விளையாடிய மேடு, கடந்துபோகும் வழியாகச் சுருங்கிவிடுகிறது.

மரபென்று பேசுவோர் செயிண்ட் ஆண்ட்ரூஸையாவது பார்க்கட்டும். அங்குள்ள பழைய மைதானம் பொதுநிலம். ஞாயிறுகளில் பெரும்பாலும் ஆட்டம் கிடையாது. ஊரார் நாய்களோடு அந்தப் புல்வெளியில் உலவுகிறார்கள்.