பெயருக்குக் காவல் இருக்கிறது, களத்துக்கு?

சைப்ரஸ் தீவின் ட்ரூடோஸ் மலைச்சரிவில் அறுவடை முடிந்ததும் திராட்சை உடனே ஆலைக்குப் போவதில்லை. நம்மூரில் மிளகாய் காயப்போடுவதுபோல, குலைகளைத் தரையில் விரித்துப் பரப்பிவிடுகிறார்கள். ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் வெயில். தோல் சுருங்கி, சாறு வற்றி, சர்க்கரை திரண்ட பிறகுதான் பிழிவது. புளிக்கும்போது ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் அடங்கிவிடும். தீராத சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடும். கமண்டாரியா என்ற இந்த ஒயினின் தித்திப்பு முழுக்க வெயில் தந்தது.

வெயிலில் திராட்சையை உலர்த்தி மது எடுக்கும் முறையை கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே உழவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். கமண்டாரியா என்ற பெயர் மட்டும் பிற்காலத்தது. கொலோசி கோட்டையிலிருந்து இப்பகுதியை ஆண்ட சிலுவைப்போர் வீரர்களின் பண்ணையிலிருந்து வந்தது.

மது என்றதும் டாஸ்மாக் வரிசை கண்முன் வரும் நமக்கு, இதை மரபு என்று சொன்னால் நெருடத்தான் செய்யும். அங்கோ தேவாலயத் திருவிருந்தில் கொடுப்பதும் இதே ஒயின்தான்.

இந்தப் பெயருக்குச் சட்டக் காவல் பலமாகவே இருக்கிறது. 14 கிராமங்களில் விளைந்த திராட்சைதான் வேண்டும். அதிலும் சினிஸ்டெரி, மாவ்ரோ என்ற இரண்டே ரகங்கள். ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு முதிர வேண்டும். சிக்கல் இந்தக் கடைசி விதியில் இருக்கிறது. முதிர வைப்பதைக் கிராமத்துக்கு வெளியேயும் செய்யலாம். இரண்டு வருடம் பணத்தை முடக்கிப்போட லிமாசோல் நகரத்துப் பெரிய நிறுவனங்களால் முடியும். ஒன்றிரண்டு ஏக்கர் கொடி வைத்திருப்பவரால் எப்படி முடியும்? அவர் பழத்தையோ புது ஒயினையோ வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். அவர் பிள்ளை நகரத்தில் வேலை தேடுவதில் என்ன வியப்பு?

இத்தாலியின் பான்டெல்லேரியா தீவிலும் உலர்ந்த திராட்சையில் இனிப்பு ஒயின் உண்டு. ஆனால் 2014இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியது பாட்டில் அல்ல. காற்றுக்குத் தப்பக் குழிக்குள் குட்டையாகக் கொடி வளர்க்கும் உழவு முறை. கௌரவம் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான்.

சைப்ரஸிலும் டோரோஸ், அயியோஸ் மாமாஸ் போன்ற ஊர்களில் சிறு தயாரிப்பாளர்கள் தாங்களே முதிரவைத்து, தாங்களே பாட்டிலில் அடைக்கிறார்கள். மரபைக் காக்க அரசு ஒதுக்கும் பணம் விழாக்களுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் போவதைவிட, இவர்களுடைய பீப்பாய்ச் செலவுக்கும் அந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்புக்கான வட்டியில்லாக் கடனுக்கும் போகட்டும்.