கனவில் வந்தவன் குற்றவாளியா?

திரையரங்கிலே படம் பார்ப்பது ஒன்று. வீட்டிலே பார்ப்பது வேறொன்று. திரையரங்கில் படம் நம்மை ஆள்கிறது. வீட்டிலும் விடுதி அறையிலும் படத்தை நாம் ஆள்கிறோம். வேண்டிய இடத்தில் நிறுத்துகிறோம். வேண்டாத இடத்தைத் தாண்டுகிறோம். பிடித்த துண்டை வெட்டியெடுத்து நண்பனுக்கு அனுப்புகிறோம். 2023 நவம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாகி, பின்னர் வட்டாகவும் இணைய வழியாகவும் வீடு தேடி வந்துவிட்ட 'ட்ரீம் சினாரியோ' என்னும் ஆங்கிலப் படத்தைப் பற்றி எழுத நான் முனைந்ததற்கு இந்த வேறுபாடே காரணம். வீட்டில் பார்க்கும்போதுதான் அந்தப் படம் நம்மைக் கேட்கும் கேள்வி கூர்மையடைகிறது.

நார்வே நாட்டவரான கிறிஸ்டோஃபர் போர்க்லி எழுதி இயக்கிய படம் இது. கதாநாயகர் பால் மாத்யூஸ், பரிணாம உயிரியல் கற்பிக்கும் பேராசிரியர். நடித்திருப்பவர் நிக்கலஸ் கேஜ். வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி, கூட்டத்தில் கண்டால் யாரும் திரும்பிப் பார்க்காத தோற்றம். எறும்புகளைப் பற்றி ஒரு நூல் எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எழுதியபாடுதான் இல்லை. இத்தகையவர் திடீரென்று முன்பின் அறியாத மனிதர்களின் கனவுகளிலெல்லாம் தோன்றத் தொடங்குகிறார். கனவில் அவர் செய்வது என்ன? ஒன்றுமே இல்லை! கனவு காண்பவர் ஆபத்தில் தவித்தாலும் வேடிக்கை பார்த்தபடி நிற்கிறார். அதற்கே உலகப் புகழ் வந்துவிடுகிறது. மாணவர்கள் அவரை மொய்க்கிறார்கள். விளம்பரத் தொழிலார், மக்களின் கனவுக்குள் அவரோடு ஸ்ப்ரைட் பானத்தையும் புகுத்த இயலுமா என்று ஆலோசிக்கிறார்கள்.

பிறகு கனவுகளின் போக்கு மாறுகிறது. கனவிலே அவர் கொடியவராகிறார், துரத்துகிறார், கொல்கிறார். விழித்தெழுந்தவர்கள் உண்மைப் பாலைக் கண்டு நடுங்குகிறார்கள். மாணவர்கள் அஞ்சி விலகுகிறார்கள். அவர் காரின்மேல் வசைச்சொல் எழுதப்படுகிறது. உணவு விடுதியில் நிம்மதியாக ஒரு வேளை உண்ணவும் வழியில்லை. கண்ணீர் மல்க அவர் பேசிப் பரப்பும் மன்னிப்பும் மேலும் வெறுப்பையே வளர்க்கிறது. புகழ் வந்தபோதும் அவர் எதுவும் செய்யவில்லை. பழி வந்தபோதும் எதுவும் செய்யவில்லை. சிரிப்புப் படம்தான். ஆனால் சிரித்து முடித்ததும் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொள்கிறது.

"பால் மட்டும் யோக்கியரா? புகழ் வந்ததும் அவரும் மகிழ்ந்தாரே!" என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். மகிழ்ந்தார், உண்மைதான். ஆனால் அவர் ஏங்கியது எறும்பு ஆராய்ச்சிக்கான புகழுக்கு. கிடைத்ததோ யாரோ ஒருவர் தூக்கத்தில் கண்ட உருவத்துக்கு. வள்ளுவர் புகழுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதை எங்கே வைத்தார் என்று பாருங்கள். இல்லறவியலின் முடிவிலே, ஈகைக்கு அடுத்தபடியாக வைத்தார். செயல் முன்னே, புகழ் பின்னே என்பது நம் மரபு. செயலே இல்லாமல் வருவதைப் புகழ் என்று அழைக்கலாகாது. அது வெறும் பெயர்ப் பரவல். வரும்போது கேட்டுக்கொண்டு வருவதில்லை. போகும்போது மானத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது.

படத்தில் பால் வரிக்குதிரையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். அதன் கோடுகள் கூட்டத்தோடு கூட்டமாக அதைக் கலக்கச் செய்கின்றன. தனித்துத் தெரிவதே சிங்கத்துக்கு இரையாகிறது என்பது பாடம். அறிவியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்று சேர்க்க விரும்புகிறேன். அந்தக் கொள்கையைவிட இன்று வலுவான சான்றுகள் உள்ளது வேறொரு கொள்கைக்கு. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இங்கிலாந்திலே, சாதாரணக் குதிரைகளுக்கு வரிக்கோட்டுப் போர்வை போர்த்திப் பார்த்தார்கள். ஒற்றை நிறப் போர்வைகளைவிட அந்தப் போர்வையின்மேல் கடி ஈக்கள் மிகக் குறைவாகவே அமர்ந்தன. கோடுகள் சிங்கத்துக்காக அல்ல, ஈக்காக! எனக்கு இது படத்தின் கருத்துக்கே இன்னும் பொருத்தமாகப் படுகிறது. பாலை வீழ்த்தியது சிங்கமன்று. ஆளுக்கொரு கடி கடித்த ஈக்கூட்டம். ஒவ்வோர் ஈயும் "நான் கடித்தது சிறு கடிதானே" என்று சொல்லிக்கொள்ளும்.

இந்த வேடத்துக்குக் கேஜைவிடப் பொருத்தமானவர் இலர். 2006-இல் அவர் நடித்த 'தி விக்கர் மேன்' படத்தில், அவர் முகத்தின்மேல் தேனீக்களைக் கொட்டும் காட்சி ஒன்று உண்டு. திரையரங்கில் ஓடிய பிரதியில் அது இல்லை. வீட்டு வட்டில்தான் வந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து உலகமே சிரித்தது. முழுப் படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? தம் முகம் இவ்வாறு தம்மைக் கேளாமலே கேலிச் சித்திரமாகப் பரவிய அனுபவம் பாலைப் புரிந்துகொள்ள உதவியதாகக் கேஜே கூறியிருக்கிறார். நடிகருக்காவது ஊதியமும் மேடையும் உண்டு. கனடாவில் ஒரு பள்ளிச் சிறுவன், கோலொன்றை வாளாகச் சுழற்றி விளையாடியதைத் தனக்காகப் பதிவு செய்து வைத்திருந்தான். 2003-இல் சக மாணவர்கள் அதை இணையத்தில் ஏற்றினார்கள். கேலி தாங்காமல் அவன் பள்ளியை விட்டே நீங்கினான். அவன் செய்த குற்றம் என்ன? விளையாடினான்!

நண்பர்களே, கனடா தொலைவில் இருக்கிறது. நம் விடுதி தொலைவில் இல்லை. சென்ற ஆண்டு, ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ் மாணவர் ஒருவர் மெஸ்ஸில் இந்தியில் இன்னொரு கரண்டிப் பருப்புக் கேட்கத் தடுமாறினார். யாரோ படமெடுத்தார்கள். பத்து நொடித் துண்டு. இரவுக்குள் அது ஸ்டிக்கராகி வாட்ஸாப் குழுக்களில் வலம் வந்தது. மறுநாள் முதல் அவர் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினார். வெளியே ரொட்டிக் கடையில் உண்டார். கணிதத்தில் அவர் எத்தகைய கெட்டிக்காரர் என்பதை அவருடைய வகுப்பினர் அறிவர். மற்றவர்களுக்கு அவர் 'பருப்பு'. அந்த ஸ்டிக்கரை அனுப்பியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. பிறமொழியார் நம் உச்சரிப்பைக் கண்டு சிரித்தால் கொதித்தெழும் நாம், நம்மவன் முகத்தை நாமே சந்தையில் விற்கலாமா? வந்த புதிதில் தடுமாறாத நாக்கு நம்மில் யாருக்கு இருந்தது?

எனவே நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, அடுத்த படக்காட்சியில் இந்தப் படத்தை உரிய அனுமதியுடன் முழுமையாகத் திரையிட்டு, முடிவில் அரைமணி நேரம் விவாதிக்க வேண்டும். இரண்டு, ஒருவரைக் கேளாமல் அவர் முகத்தையோ குரலையோ நம் குழுவில் இடக்கூடாது என்று ஒரு விதி செய்ய வேண்டும். நகைச்சுவை செத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். தன்னைத் தானே கேலி செய்துகொள்ள எவருக்கும் தடையில்லை. அந்தத் துணிவு உள்ளவர் தாராளமாக முன்வரட்டும்!

கனவு கண்டவன் காலையில் விழித்துக்கொள்கிறான். பிறர் கனவில் அகப்பட்டவன் எப்போது விழிப்பான்? அவனை விடுவிக்கும் பொறுப்பு கனவு காண்பவர்களாகிய நம்முடையது.