சீவலப்பேரித் தண்ணீரும் நம் சமையற்கட்டும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் தரையிறங்கி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஊர் ஊராய் வயல்களை வாழவைத்து, நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே நடந்து சீவலப்பேரிக்கு வருகிறாள் தாமிரபரணி. குற்றால மலையிலிருந்து தென்காசி வழியாக ஓடிவரும் சிற்றாறு அங்கே அவளோடு கைகோத்துக்கொள்கிறது. 'முக்கூடற்பள்ளு' பாடும் முக்கூடல் இந்த இடமே என்பர் அறிஞர். இன்றோ சீவலப்பேரி வேறொரு வகையிலும் பெயர் பெற்றிருக்கிறது. அங்குள்ள ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து தொலைவிலுள்ள கோவில்பட்டிக்கும் குழாய்வழியே குடிநீர் செல்கிறது. கரிசல் பூமியின் தாகத்தையும் நம் ஆறுதான் தணிக்கிறது.

ஆற்றைப் பாடுவது எளிது. ஆற்று நீரைக் குடிநீராக்குவது எப்படி என்று கேட்டால் வீட்டுக்கு வீடு விடை மாறுகிறது. செம்புக் குடமும் தேற்றாங்கொட்டையும் போதும் என்கிறார் பாட்டி. தவணை முறையில் நவீனக் கருவி வாங்கிவிடலாம் என்கிறார் அப்பா. கேன் தண்ணீர் நல்லது என்கிறார் அண்ணன். எதுவும் வேண்டாம், குழாயில் வருவதை அப்படியே குடிக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. அடுப்படியில் நிற்கும் அம்மாவை மட்டும் எவரும் கேட்பதில்லை!

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த முறை உயர்ந்தது என்பது முதற்கேள்வி ஆகாது. நம் நீரில் உள்ள அழுக்கு எது என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை கண்டுவிட்டால், விலையுயர்ந்த கருவி இல்லாமலேயே நம் ஆற்றங்கரை வீடுகள் நல்ல நீர் பருகலாம்.

தெளிவு வேறு, தூய்மை வேறு

நீரின் அழுக்கு மூன்று வகை. மண்ணும் தூசியும் தழையும் கலந்த கலங்கல் முதல் வகை. இது கண்ணுக்குத் தெரியும். வாந்திபேதி, டைஃபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலை ஆகியவற்றைத் தரும் நோய்க்கிருமிகள் இரண்டாம் வகை. இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. உப்பு, புளோரைடு போலக் கரைந்து நிற்பவை மூன்றாம் வகை. இவற்றுள் உப்பை நாக்கு அறியும்; மற்றவற்றை ஆய்வுக்கூடந்தான் அறியும்.

கலங்கலை நீக்கும் முறை கிருமியைக் கொல்வதில்லை. கிருமியைக் கொல்லும் முறை உப்பை நீக்குவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் வீண் செலவும் நேர்கிறது, நோயும் வருகிறது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் நம் மாவட்டத்தில் பல்லாயிரம் பேர். அங்கே பாறைமேல் பளிங்குபோல ஓடும் நீரைக் கண்டால் கை தானாகக் குவிகிறது. ஆனால், மேலே எத்தனை பேர் குளித்தார்கள், எந்த விலங்கு இறங்கிற்று என்பதைப் பளிங்கு நிறம் காட்டிக்கொடுக்குமா? மலையிலும் காட்டிலும் கூடக் காய்ச்சிய நீரே நீர். சுற்றுலாவுக்கும் முகாமுக்கும் செல்லும் தோழியர் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

பாட்டி சொன்னது பழுதா?

பழைய முறைகளைக் கேலி செய்வது தவறு. அவற்றுக்கு இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்வதும் தவறு. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்தால் கலங்கல் மெல்லத் திரண்டு அடியில் படியும். முருங்கை விதைப் பொடியும் அவ்வாறே செய்யும். இவை மிக நல்ல முதற்படிகள். ஆனால் அடியில் மண் படிந்த நீர் தெளிந்த நீரேயன்றிக் கிருமியற்ற நீர் ஆகாது.

துணியில் வடிகட்டும் வழக்கத்துக்கும் அறிவியல் சான்று கிடைத்திருக்கிறது. வங்கதேசக் கிராமங்களில் ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க அம்மையாரும் அவருடைய குழுவினரும் பழைய சேலைத் துணியை நான்கு முறை மடித்து நீரை வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003-ஆம் ஆண்டில் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். அக்கிருமிகள் நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகளில் ஒட்டிக்கொண்டு வருவதும், துவைத்துத் துவைத்து நெருங்கிய பழந்துணி இழைகள் அப்பூச்சிகளைத் தடுப்பதுமே காரணம். பாதி குறைந்தது பெரிய நன்மைதான். மீதிப் பாதி?

செம்புக் குடமும் அப்படியே. தாமிரத்தின் பெயரையே தாங்கிய ஆறு நம்முடையது. செம்பின்மேல் நமக்குப் பற்று இருப்பது இயல்பு. செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் நோய் தரும் பாக்டீரியாக்கள் சில அழிந்தன என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். அந்தப் பதினாறு மணி நேரத்தை நம்மில் எத்தனை பேர் காத்திருக்கிறோம்? காலையில் பிடித்துக் காலையிலேயே குடிக்கும் நீருக்குச் செம்பு பெருமை தரலாம், காவல் தராது.

கருவி வாங்குமுன்

'ஆர்.ஓ.' என்று வழங்கும் கருவி இன்று பல வீடுகளின் சுவரில் தொங்குகிறது. கரைந்த உப்பை நீக்குவதே அதன் சிறப்பு. கடலோரத்து உப்புக் கிணற்று நீரையோ, தருமபுரிப் பக்கம்போலப் புளோரைடு கலந்த நிலத்தடி நீரையோ நம்பி வாழ்கிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்று நீர் இயல்பிலேயே உப்புக் குறைந்தது. இல்லாத உப்பை நீக்க, ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் நீரைச் சாக்கடையில் விடுவது முறையா? லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைபொருள் உள்ள நீருக்கு இக்கருவியைத் தடைசெய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் அரசுக்கு ஆணையிட்டதும் இந்த வீணடிப்பைக் கருதியே.

கருவி வாங்கியவர்களுக்கு ஒரு சொல். உள்ளே இருக்கும் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே அழுக்கின் இருப்பிடமாகிவிடும். வாங்கும் விலையை எல்லாரும் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகும் செலவைக் கேட்பவர் குறைவு. பீடி சுற்றிப் பிழைக்கும் வீட்டில் தவணைக்குத் தவணை போகும் பணம் பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் குறைகிறது என்பதை மறக்கலாகாது.

அடுப்பே காவல்

எங்கள் தீர்ப்பு அடுப்பின் பக்கமே. வடிகட்டிய நீர் கொப்புளம் விட்டுத் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் அப்படியே கொதிக்கவிட்டால் போதும், நோய்க்கிருமிகள் மடிந்துவிடும். இதற்கு வெப்பமானி வேண்டாம், படித்த நிபுணர் வேண்டாம். கொதி வந்ததைக் கண்ணே பார்க்கும், காதே கேட்கும். படிப்பறியாத ஆச்சியும் தவறின்றிச் செய்யத்தக்க முறை இது.

செலவு அதிகம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 11 கிராம் சமையல் வாயு ஆகும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்றால் 110 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று இந்த வேலைக்கு மட்டும் நான்கு மாதம் வரும். இந்தச் செலவையும் நான்கு மாதக் கேன் தண்ணீரின் விலையையும் பெற்றோர் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.

கொதித்த நீர் சப்பென்றிருக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள், இரண்டு சுத்தமான பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றலாம். சிறிது சீரகம் சேர்க்கலாம். முக்கியமானது அதன்பின் வருகிறது. கொதிக்கவைத்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிட வேண்டும். கழுவாத பானையில் மாற்றக்கூடாது. நீண்ட காம்புள்ள கரண்டியால் எடுக்க வேண்டும். விரல் நனையும்படி டம்ளரை முக்கி மொண்டால் கொதிக்கவைத்த பாடெல்லாம் வீண். நெருப்பு கொன்ற கிருமியை நம் நகக்கண் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

அடுப்பு எரியாத வேளை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறிற்று. நீரேற்று நிலையங்கள் மூழ்கிப் பல ஊர்களில் நாட்கணக்கில் குழாய் நீர் நின்றது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு செம்பு இல்லை! விறகு நனைந்து, சிலிண்டரும் கிடைக்காத அத்தகைய வேளைக்கு இரண்டு முறைகளைத் தெரிந்துவைத்திருப்பது நலம்.

ஒன்று, குளோரின். தெளிந்த நீர் 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது சுகாதாரத் துறையினர் கைக்கொள்ளும் பொது அளவு. கலந்தபின் அரை மணி நேரம் பொறுத்தே பருக வேண்டும். கலங்கிய நீரில் இந்த அளவு பற்றாது. ஆகவே முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு எவ்வளவு என்பதைச் சுகாதார ஆய்வாளரைக் கேட்டே இட வேண்டும். திறந்து வெகுநாள் கிடந்த பொடிக்கு வீரியம் இராது.

மற்றொன்று, நமக்குக் குறைவில்லாத வெயில்! நிறமற்ற பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பிக் கிடையாக ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் வைத்தால் கிருமிகள் அழியும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். பெய்ரூட்டில் அஃப்தீம் அக்ரா என்பவர் 1980-ஐ ஒட்டி ஆய்ந்து எழுதிய இம்முறை இன்று உலகின் பல ஏழைக் கிராமங்களில் கைக்கொள்ளப்படுகிறது.

மணலே பெரிய வடிகட்டி

வீட்டோடு கடமை முடிந்ததா? இல்லை. சீவலப்பேரிக் கிணறுகளுக்கு வரும் நீர் ஆற்று மணலுக்குள் ஊறி, வடிந்து வருகிறது. மனிதர் கட்டாத வடிகட்டி அது. மணலின் அருமையைக் காட்ட ஒரு வரலாறு சொல்கிறோம். 1892-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒட்டியிருந்த அல்டோனா நகரமோ பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களுக்கும் எல்பே என்ற ஒரே ஆறுதான். அதிலும் அல்டோனா நீர் எடுத்த இடம் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த கீழ்ப்புறம். ஆனால் அல்டோனா நீரை மணற்படுகையில் வடிகட்டி வழங்கிற்று, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. இடையே நின்று உயிர் காத்தது மணல்!

அந்த மணலை நாம் லாரி லாரியாக அள்ளிக் கொடுத்தோம். பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010-இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆற்றில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் நீதிபதிகள் நெல்லைக்கே வந்து ஆற்றங்கரையை நேரில் பார்வையிட்டார்கள். நீதிமன்றம் வந்து பார்க்கும்வரை நாம் பார்க்காமல் இருந்தது ஏன்?

நம் பள்ளியில் நெல்லை, பாளை நகரத்து மாணவியரும் இருக்கிறோம். ஆற்றின் கீழ்ப்புறத்துக் கிராம மாணவியரும் இருக்கிறோம். ஒரே பெஞ்சில் அமர்கிறோம், ஒரே பாடம் படிக்கிறோம். நகரத்தில் ஒருத்தி வீட்டுச் சாக்கடை ஆற்றில் இறங்கினால் அது சீவலப்பேரிப் பக்கத்துத் தோழியின் குடத்தை நோக்கித்தான் செல்கிறது. அல்டோனாக்காரர்களைப்போல அவளும் அடுத்த ஊரின் அழுக்கை வடிகட்டிக்கொண்டே வாழவேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆகவே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இது: கடன்பட்டுக் கருவி வாங்குமுன் நீரைச் சோதித்துப் பாருங்கள், உப்பு இல்லையென்றால் அடுப்பை நம்புங்கள். தோழியருக்கு: தண்ணீர் காய்ச்சும் வேலையை அம்மா தலையில் மட்டும் சுமத்தாமல், அண்ணன் தம்பியரோடு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நகர மக்களுக்கு: கழிவுநீர் ஆற்றில் இறங்காமல் செய்யும் திட்டங்கள் எவ்வளவு நிறைவேறின என்று நகரமன்றத்தில் விடாமல் கேளுங்கள்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். வானம் தன் கடமையைச் செய்கிறது, பொதிகையும் செய்கிறது. நீரைத் தூய்மை செய்யும் மிகச் சிறந்த முறை அதை அழுக்காக்காமல் இருப்பதே. அதுவரை, அம்மா வைத்த உலை கொதிக்கட்டும். மேலே மூடியும் இருக்கட்டும்.