பண்டிகைக் காலப் பிறந்தநாள்: ஓட்டல் விருந்தா, வீட்டுச் சாப்பாடா?

புரட்டாசி பிறந்துவிட்டால் தலைநகரின் மந்திர் மார்க் வட்டாரம் களைகட்டிவிடுகிறது. தமிழர் வீடுகளில் கொலு. காளி பாரியில் வங்காளிகளின் துர்கா பூஜை. பிர்லா மந்திர் என்று எல்லாரும் அழைக்கும் லட்சுமி நாராயணர் கோயிலில் தீபாவளி வரை ஓயாத கூட்டம். ஒரு காலத்தில் ரீடிங் ரோடு என்று பெயர் பெற்றிருந்த இந்தச் சாலையில், 1923இல் தொடங்கப்பட்டு இன்று 7 பள்ளிகளை நடத்திவரும் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருப்பதால், சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சொந்த ஊர்த் தெரு போலத்தான்.

இந்த நெரிசலுக்கு நடுவே வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்துவிட்டால் ஒரு கேள்வி எழுகிறது. ஓட்டலுக்குப் போவதா, வீட்டிலேயே சமைப்பதா? அற்பமான கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. மாதச் சம்பளக்காரரின் கைப்பணம், குடும்பத் தலைவியின் உடல்நலம், ஊரை விட்டு வந்த பிள்ளைகளின் வளர்ப்பு ஆகிய மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு தசராவையொட்டி ரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் போனஸ் அறிவிக்கப்பட்டது. ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 17,951 ரூபாய். முன்பெல்லாம் மத்திய அரசு ஊழியர்களுக்குக் கைகொடுத்து வந்த வட்டியில்லாப் பண்டிகை முன்பணம் ஏழாவது சம்பளக் கமிஷனோடு நின்றுபோயிற்று. 2020இல் ஒருமுறை மட்டும் 10,000 ரூபாய் கொடுத்து 10 தவணைகளில் பிடித்துக்கொண்டார்கள். ஆக, கையில் வரும் போனஸிலேயே குடும்பத்துக்குத் துணிமணி, ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பணம், பலகாரச் செலவு, ரயில் டிக்கெட் எல்லாம் முடிய வேண்டும்.

இதில் 15 பேருக்கு ஓட்டல் விருந்து என்றால் என்ன ஆகும்? தலைக்கு 400 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 6,000 ரூபாய். 5 சதவீத வரி 300. போகவர ஆட்டோச் செலவு தனி. போனஸில் மூன்றில் ஒரு பங்கு ஒரே இரவில் போய்விடுகிறது. சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் ஒரு தொகை சேர்ந்திருந்தால் அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது என்பதையாவது ஓட்டலுக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

அதே 15 பேருக்கு வீட்டில் சமைத்தால் 2 கிலோ அரிசி, முக்கால் கிலோ துவரம்பருப்பு, பாயசத்துக்கு 2 லிட்டர் பால், காய்கறி, எண்ணெய், நெய், அப்பளம் என்று எல்லாம் சேர்ந்து ஓட்டல் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். போதாக்குறைக்கு, தீபாவளி நெருங்கும்போது கலப்படக் கோவாவும் கலப்படப் பன்னீரும் பிடிபட்ட செய்தி தலைநகரில் ஆண்டு தவறாமல் வருகிறது. வீட்டுப் பாயசத்தில் அந்தப் பயம் இல்லை.

சமைப்பது யார்?

கணக்கு இத்தோடு முடிந்துவிட்டதென்று ஆண்கள் நினைத்தால் அது தவறு. வீட்டுச் சமையல் மலிவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், சமைப்பவளின் உழைப்புக்கு யாரும் விலை போடாததுதான்.

15 பேர் விருந்தென்றால் முதல்நாள் சந்தைக்குப் போவதில் தொடங்கி, தேங்காய் துருவி, உளுந்து அரைத்து, சாம்பார் ரசம் கூட்டி, கடைசி நேரத்தில் வடை பொரித்து, பரிமாறி, பாத்திரம் தேய்த்துக் கவிழ்க்கும்வரை ஒருத்தியே நிற்கிறாள். பல வீடுகளில் அவளும் வேலைக்குப் போகிறவள். தசராவுக்குச் சுண்டல், தீபாவளிக்குப் பலகாரம் என்று அந்த மாதம் முழுவதும் அடுப்படியிலேயே கழித்தவள். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, ஆறிப்போன சோற்றோடு அவள் தனியாக உட்காருகிறாள். இதற்குப் பெயர் குடும்ப விருந்தா?

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. பிள்ளைகள் பிறந்தநாளுக்கு விருந்து. கணவன் பிறந்தநாளுக்கு விருந்து. மனைவி பிறந்தநாள் வந்தால் அன்றைக்கும் அவள் கையால்தான் பாயசம்! பல வீடுகளில் அந்த நாள் எது என்பதே யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

ஆகவே ஒன்றைத் திட்டமாகச் சொல்லவேண்டும். வேலையைப் பங்கிட்டுக்கொள்ள மனமில்லாத வீட்டில் ஓட்டலுக்குப் போவதே நியாயம். பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் மட்டுமே வீட்டுச் சாப்பாடு உயர்ந்தது. சந்தைக்குப் போவது, காய் நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் ஆண்பிள்ளைகளாலும் முடிந்த காரியங்களே. வீட்டுக்காரி முதல் பந்தியிலேயே உட்காரவேண்டும், கணவன் பரிமாறவேண்டும். அதைப் பார்த்து வளரும் பையன் வேறு பாடம் படிக்கத் தேவையில்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பது

பண்டிகைக் காலத்தில் பிறந்தவர்களுக்கு நம் வழக்கத்திலேயே ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத் தேதி ஒன்று. தமிழ் மாதத்தில் வரும் ஜென்ம நட்சத்திரம் இன்னொன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. முகலாயப் பேரரசர்கள்கூட சூரியக் கணக்குக்கு ஒன்றும் சந்திரக் கணக்குக்கு ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு பிறந்தநாள் கொண்டாடி, இரண்டு முறையும் துலாபாரம் ஏறியிருக்கிறார்கள். ஒரு நாளில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, வசதியான மற்ற நாளில் விருந்தை வைத்துக்கொள்ளலாம். தீபாவளியன்று பிறந்தவனுக்கு அன்றே விருந்து வைத்தாக வேண்டுமென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

நவராத்திரியில் அக்கம்பக்கத்து வடநாட்டுக்காரர்களை அழைப்பதானால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர்களில் பலர் அந்த ஒன்பது நாளும் அரிசி, கோதுமை, வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள். சாம்பார் சாதத்தை நீட்டினால் சங்கடம்தான் மிஞ்சும். அவர்களுக்கு ஜவ்வரிசி விரதத்துக்கு உகந்தது. நமக்கோ ஜவ்வரிசிப் பாயசம் பழக்கமானது. இந்துப்பு போட்ட உருளைக்கிழங்கு வறுவலும் கூட இருந்தால் இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்காரலாம்.

மார்கழி, தை மாதங்களில் பிறந்தநாள் வந்தால் சிக்கல் வேறு. பொங்கல் மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பொது விடுமுறை அல்ல. ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய 2 ஆர்.எச். நாட்களில் ஒன்றை அதற்கே செலவிட வேண்டியிருக்கிறது. டில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காது, தயிர் உறையாது, தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும். அந்த நாட்களில் இட்லி, தோசையை நம்பாமல், சூடான சாம்பார், ரசம், வடை, சேமியாப் பாயசம் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பட்டாணியும் காலிஃப்ளவரும் காரட்டும் மலிவாகக் கிடைக்கும் பருவமும் அதுதான்.

யாரை அழைப்பது?

இரண்டு அறைக் குடியிருப்பில் 40 பேரைத் திணிப்பது விருந்தாகாது. பாய் விரித்தால் எத்தனை பேர் நிம்மதியாக உட்கார முடியுமோ அத்தனை பேர் போதும். ஆனால் அந்தச் சிலரில் ஒருவராவது, ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் தங்கிவிட்ட தனிக்கட்டையாக இருக்கட்டும். சென்னைக்கும் டில்லிக்கும் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். 1976இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினாலும் ஒன்றரை நாள் ஆகிறது. பண்டிகைக் கூட்டத்தில் இடம் கிடைக்காத இளைஞர்கள் வாடகை அறைகளில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு தீபாவளியைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாய் ரசம் சாதம் பெரிய காரியம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1939இல் லட்சுமி நாராயணர் கோயிலைத் திறந்து வைக்க காந்தியடிகள் சம்மதித்தபோது, எல்லாச் சாதியாரையும் உள்ளே விடவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அந்தக் கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் குடியிருப்பவர்கள், பந்தியில் ஆள் பார்த்து இடம் ஒதுக்குவது தகுமா? வீட்டில் துப்புரவு செய்யும் பெண்ணின் பிள்ளைகளுக்குப் பின்வாசலில் பொட்டலம் கொடுத்தனுப்புவதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. அவர்களையும் மற்றக் குழந்தைகளோடு உட்காரவைத்தால்தான் அது விருந்து.

பரிசு வேண்டாம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுவதும் உத்தமம். பண்டிகை மாதத்தில் இன்னொரு 500 ரூபாய்ச் செலவுக்குப் பயந்து வராமல் போகிறவர்கள் உண்டு. ஜவாஹர்லால் நேருவின் இளமையில், பிறந்தநாளன்று அவரைப் பெரிய தராசில் உட்காரவைத்து, எடைக்கு எடை கோதுமை முதலியவற்றை ஏழைகளுக்கு வழங்குவார்களாம். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அத்தனை வசதி நமக்கு இல்லாவிட்டாலும், வாங்குவதைவிடக் கொடுப்பதே பிறந்தநாளுக்கு அழகு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

பிள்ளைகள் கேக் கேட்டால்? தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். பள்ளித் தோழர்கள் வீட்டில் பார்ப்பதை நம் வீட்டிலும் எதிர்பார்ப்பது குற்றமல்ல. கேக்கும் இருக்கட்டும், பாயசமும் இருக்கட்டும். டில்லியில் பிறந்து இந்தியில் விளையாடும் குழந்தைக்குப் பாட்டியின் பேச்சும், இலையில் எது எங்கே பரிமாறப்படும் என்பதும், வந்தவரை "வாங்க, உட்காருங்க" என்று சொல்லும் பழக்கமும் இத்தகைய ஒரு மாலையில்தான் ஒட்டிக்கொள்கின்றன. ஓட்டல் மேஜையில் மெனுவைக் கையில் கொடுத்து இவற்றைச் சொல்லித் தர முடியாது.

வீட்டில் சமைப்போம்; அளவோடு அழைப்போம்; எல்லாரும் சேர்ந்து வேலை செய்வோம். அடுத்த பிறந்தநாள் வீட்டுக்காரியுடையதாக இருந்தால், அன்றைக்கு மட்டுமாவது அவளை அடுப்பங்கரைப் பக்கம் விடாமல் இருப்போம். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடிப்போனாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.