வாசலுக்கு உள்ளே நாமே செய்வோம்

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

“தன் கையே தனக்குதவி” என்று பெரியோர் சொன்னது சமையலுக்கும் சலவைக்கும் மட்டுமன்று. வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கும் இந்நாளிலும் அது பொருந்தும் என்பது என் தாழ்மையான கருத்து.

ரமணாசிரமத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், செங்கம் சாலையை ஒட்டிய வாடகை வீடு எங்களுடையது. அப்பா கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவர். பௌர்ணமி நாட்களை விட்டால் வியாபாரம் சுமார்தான். 2020 மார்ச்சில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் நின்று பாடம் கேட்டது என் கண்ணில் நிற்கிறது. ஆகவே சென்ற ஆண்டு ஃபைபர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தோம். மாதக் கட்டணம் போக, பொருத்துகூலி 2,000 ரூபாய் என்றார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

எதற்கு இவ்வளவு என்று, வந்த அண்ணனைக் கேட்டேன். கம்பத்திலிருந்து கேபிள் இழுப்பது, முனையை ஒட்டுவது, கருவியை மாட்டுவது, பின்னறைக்குக் கம்பி கொண்டுபோவது, ரூட்டரில் பெயரும் கடவுச்சொல்லும் போடுவது என்று அடுக்கினார். “முதல் இரண்டும் உங்களுடையது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். “உன்னால் ஆகுமாம்மா?” என்று சிரித்தார். ஆனால் அலுவலகத்தில் பேசி 800 ரூபாயாகக் குறைத்துத் தந்தார்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15-இல். 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அகலப்பட்டை எனப்பட்டது. 2023-இல் அந்த அளவு 2 மெகாபிட் ஆயிற்று. தொலைபேசியின் செம்புக் கம்பியில் வந்த காலத்தில், மோடத்தைச் செருகிப் பயனர் பெயரைத் தட்டச்சு செய்தால் வேலை முடிந்தது. இன்று வருவது கண்ணாடி இழை. அதன் தடிமன் 0.125 மில்லிமீட்டர். ஒளி செல்லும் நடுப்பகுதியோ இன்னும் எத்தனையோ மடங்கு மெல்லியது. அதை இயந்திரத்தில் உருக்கி ஒட்டுவதற்குப் பயிற்சி வேண்டும். அதில் ஓடும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. முனையை உற்றுப் பார்ப்பது ஆபத்து. அந்த வேலையில் நாம் கைவைக்கக் கூடாது.

ஆனால் வாசலுக்கு உள்ளே என்ன மாயம் இருக்கிறது? கேபிள் முனையில் எட்டு இழைகள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதே வரிசையில் வைத்துக் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். நான் இரண்டு முனைகளைப் பாழாக்கினேன். வெளியுறை கவ்விக்குள் போகவில்லை என்று அந்த அண்ணன்தான் காட்டிக் கொடுத்தார். மூன்றாவது பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுச் சுவர் பழைய கருங்கல் சுவர். அதனால் ரூட்டரை வாசல் மூலையில் மாட்டாமல் நடுக்கூடத்தில் வைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் தளர்ந்துவிடும், பின்னறைக்கு 2.4-தான் போய்ச் சேருகிறது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் வேறொருவர் பொருத்திப்போன ரூட்டரின் கடவுச்சொல், அந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணேதான். கருவியின் அடியில் அச்சிட்ட நிர்வாகக் கடவுச்சொல்லையும் யாரும் மாற்றவில்லை. வீட்டுப் பூட்டின் சாவியைக் கொல்லனிடமே விட்டு வைப்போமா?

பழுதும் அப்படித்தான். எங்கள் தெருவில் குரங்குகள் கேபிளில் ஊஞ்சலாடும். ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை, பெரும்பாலும் கோளாறு வெளியே என்று பொருள், புகார் கொடுக்கலாம். அது எரியாமல் பின்னறையில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு நம் வீட்டில். தேர்வுக்கு முந்தைய இரவில் இந்த அறிவின் அருமை தெரியும்!

உழைப்பவர் வயிற்றில் அடிக்கிறாயே என்று தோழி ஒருத்தி கடிந்துகொண்டாள். நியாயமான கேள்விதான். அந்த அண்ணனும் ஓர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 2,000 ரூபாயில் தம் கைக்கு வருவது மிகச் சொற்பம் என்று அவரே சொன்னார். அவருக்கு உரிய ஊதியத்தை நிறுவனம் தரட்டும். இளநீர்க்காரர் வீட்டில் வாங்கிய பணம் அவருக்கும் முழுதாய்ப் போய்ச் சேரவில்லையே.

நம் இயற்பியல் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஆய்வுக்கூடத்தைத் திறந்து தந்தால் போதும். கருவியும் இருபது மீட்டர் கேபிளும் நான் கொண்டு வருகிறேன். அந்த அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.