ஒரு பகலில் அடங்குமா ஒரு தலைநகரம்?

மோரீஷஸ் தீவில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகள் இரவொன்றுக்கு 3 யூரோ சுற்றுலாக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2025 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. விடுதி அறையின் வாடகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. ஆனால், இதற்குப் பின்னால் உள்ள கேள்வி சிறியதன்று. ஒரு நாட்டுக்கு வரும் பயணி உண்மையில் எதை நுகர்கிறார், அதை உருவாக்கியவர் யார், விலை யாருடைய கைக்குப் போகிறது என்பதே அந்தக் கேள்வி.

தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.6 லட்சம். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் அங்கு வந்த பயணிகளோ ஆண்டுக்கு 13 லட்சத்துக்கும் அதிகம். பெருந்தொற்று பரவிய 2020-இல் அந்த எண்ணிக்கை மூன்று லட்சமாகச் சரிந்தது. பின்னர் 2024-இல் மீண்டும் 13 லட்சத்தைக் கடந்துவிட்டது. சொந்த மக்களின் எண்ணிக்கையைவிட அதிகமான விருந்தினர்களை ஆண்டுதோறும் வரவேற்கும் நாட்டில், சுற்றுலாக் கொள்கையைப் பொருளாதாரக் கொள்கையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

இந்தப் பயணிகளில் பெரும்பாலோர் தங்குவது கடற்கரை விடுதிகளில். தலைநகரமான போர்ட் லூயிஸ் அவர்களுக்கு ஒரு நாள் பயணம் மட்டுமே. காலையில் விடுதி வாசலுக்கு வழிகாட்டியோடு ஒரு குளிரூட்டப்பட்ட கார் வருகிறது. மகே தெ லபூர்தொன்னேயின் சிலை நிற்கும் துறைமுகச் சதுக்கம், மத்தியச் சந்தை, கட்ச் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய ஜும்மா பள்ளிவாசல், சீனர் தெரு, 1812-இல் தொடங்கிய குதிரைப் பந்தயத் திடல், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில், குன்றின்மேல் உள்ள கோட்டை, கடைசியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட். மாலைக்குள் பயணி விடுதிக்குத் திரும்பிவிடுகிறார். தனிக்குழுவுக்கான இந்தப் பகல் சுற்றுலா இன்று உலகெங்கும் இணையவழி விற்பனையாகும் பண்டம்.

இங்கே விற்கப்படுவது என்ன? கட்டடங்கள் மட்டுமல்ல. கோயில், பள்ளிவாசல், பகோடா, தேவாலயம் ஆகியவை நடந்தே செல்லும் தொலைவில் அமைந்திருக்க, அவற்றுக்கு உரியவர்கள் அமைதியாக வாழ்கிறார்கள் என்ற உண்மைதான் விற்பனைக்கு வைக்கப்படுகிறது. பொருளியலில் பொதுநன்மைப் பண்டம் என்றொரு கருத்து உண்டு. தெருவிளக்கின் வெளிச்சத்தைப் போல அதை எல்லோரும் பயன்படுத்தலாம். ஆனால், அதைப் பராமரிக்கும் செலவை ஏற்க எவரும் தாமாக முன்வருவதில்லை. சமூக நல்லிணக்கமும் அத்தகையதே. அதை அன்றாடம் உருவாக்குபவர்கள் அந்நகர மக்கள். படம் பிடித்து விளம்பரம் செய்து விலைக்கு விற்பவர்கள் வேறு சிலர்.

அந்த நல்லிணக்கம் இயற்கை அளித்த கொடையன்று. லபூர்தொன்னே 1735-இல் ஆளுநராக வந்து துறைமுகத்தை விரிவாக்கியபோது புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியர்கள் வாழ்ந்த பகுதி 'மலபாரியர் முகாம்' என்றே அழைக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில்தான் நகரமும் தோட்டங்களும் எழுந்தன. 1810-இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1835-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, இருபது லட்சம் பவுண்டுக்கும் மேலான இழப்பீடு வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர்கள் அடிமைகளை உடைமையாக வைத்திருந்த முதலாளிகள். விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

அடிமைகளின் இடத்தை நிரப்ப, 1834-லிருந்தே இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்தவர்கள் நான்கரை லட்சத்துக்கும் அதிகம். அவர்களுள் மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள் கணிசமானோர். ஆப்ரவாசி காட்டின் 16 கற்படிகளில் ஏறித்தான் அவர்களுள் பெரும்பாலோர் புது மண்ணில் கால் வைத்தனர். அவ்விடத்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கு அருகிலேயே, பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில், அடிமை வரலாற்று அருங்காட்சியகம் 2023-இல் திறக்கப்பட்டது. அடிமை முறையையும் ஒப்பந்தக் கூலி முறையையும் ஆராய அரசு அமைத்த உண்மை மற்றும் நீதி ஆணையம் 2011-இல் அளித்த அறிக்கையே அதற்கு வித்திட்டது. ஒன்றின் நினைவிடம் முன்னே வந்ததும், மற்றொன்றின் நினைவிடம் பதினேழு ஆண்டுகள் பின்தங்கியதும் தற்செயல் என்று ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல. எந்தச் சமூகத்தின் குரல் ஆட்சி மன்றத்தை விரைவில் எட்டுகிறதோ, அதன் நினைவு விரைவில் கல்லாகிறது.

பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட், 1961-இல் மோரீஷஸ் பற்றித் தயாரித்த அறிக்கையில் அந்நாட்டின் எதிர்காலம் குறித்து மிகுந்த கவலை தெரிவித்திருந்தார். பெருகும் மக்கள்தொகை, கரும்பை மட்டுமே நம்பிய வேளாண்மை, இனப் பிளவு ஆகியவற்றை அவர் காரணமாகக் காட்டினார். விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1968-இன் தொடக்கத்தில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கலவரம் வெடித்தபோது, அவரது அச்சம் மெய்யாகிவிடும் என்றே பலரும் கருதினர்.

அது மெய்யாகாததற்குத் திட்டமிட்ட முயற்சிகளே காரணம். 1970-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம் ஆயத்த ஆடைத் தொழிலை வளர்த்து, எல்லாச் சமூகப் பெண்களுக்கும் வேலை தந்தது. ஐரோப்பியச் சந்தையில் சர்க்கரைக்குக் கிடைத்த உறுதியான விலை அரசின் கருவூலத்தை நிரப்பியது. அந்த வருவாய் கல்வியாகவும் மருத்துவமாகவும் மக்களிடம் திரும்பியது. 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசம். 2005 முதல் மாணவர்களுக்கும் முதியோருக்கும் பேருந்துப் பயணம் இலவசம். பல இன மக்கள் ஒரே வகுப்பறையில் அமர்வதும் ஒரே பேருந்தில் செல்வதும் அரசின் செலவால் நிகழ்கின்றன.

இந்த ஏற்பாட்டில் உரசல்கள் இல்லாமல் இல்லை. மோரீஷஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இடம்பெற்றிருப்பதை நாம் பெருமையோடு குறிப்பிடுவது வழக்கம். 1998-இல் வெளியான தாள்களில் தமிழின் வரிசை மாற்றப்பட்டு, இந்திக்குக் கீழே தள்ளப்பட்டது. தமிழ் வம்சாவளியினரின் கடும் எதிர்ப்புக்குப் பின் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசை மீண்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கிரியோல் சமூகத்தைச் சேர்ந்த பாடகர் காயா காவல் நிலையத்தில் இறந்ததும் தீவு முழுவதும் கலவரம் பரவியது. நாடாளுமன்றத்தில் சமூகப் பிரதிநிதித்துவத்தைச் சமன்செய்யும் கூடுதல் இடங்கள் இன்றும் 1972-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே நிரப்பப்படுகின்றன; அதன் பின் அங்கே சமூகவாரிக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. நல்லிணக்கம் என்பது இடைவிடாத பேரம் என்பதற்கு இவை சான்றுகள்.

பகல் சுற்றுலாவில் இந்தப் பேரத்தைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் பேசுவதில்லை. 1847-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற அஞ்சல் தலைகள் துறைமுகப் பகுதி அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளன. ஒளி பட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால், அவற்றின்மேல் ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடங்கள் மட்டுமே விளக்கு எரிகிறது. அஞ்சல் தலைக்கு அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. ஒரு மக்களின் வரலாற்றுக்கும் அதே அளவு வெளிச்சம் போதும் என்று சுற்றுலாத் தொழில் முடிவு செய்துவிடுவதுதான் நியாயமற்றது.

தனி காரில் செல்வதால் மற்றொரு குறையும் நேர்கிறது. கார் நிற்கும் இடங்கள் பலவும் சமூகங்கள் தனித்தனியாக வழிபடும் இடங்கள். அவை கலக்கும் இடங்களோ பேருந்து நிலையம், சந்தை, பள்ளி, மெட்ரோ ஆகியவை. பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் வீட்டில் பேசும் கிரியோல் மொழியைக் கேட்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். அந்த மொழியில் முருங்கைக்கீரைக்கு 'மூரும்' என்று பெயர். ரசம் 'ராசோன்' ஆகியிருக்கிறது. தமிழைத் தாய்மொழியாகப் பேசுவோர் அங்கு மிகச் சிலரே ஆயினும், தமிழ் ஊரின் பொதுமொழிக்குள் கரைந்து வாழ்கிறது. வாழையிலையில் ஏழு கறிகளோடு பரிமாறும் தமிழர் விருந்தை இன்று எல்லாச் சமூகத்தினரும் அறிவர். கோபுரத்தைக் காட்டும் சுற்றுலா, இந்தக் கலப்பைக் காட்டத் தவறினால், பன்மையின் பாதியைத்தான் காட்டியதாகும்.

இனி, பணத்தின் கணக்கைப் பார்ப்போம். விமானம், விடுதி, உணவு அனைத்தையும் பாரிஸிலோ லண்டனிலோ ஒரே தொகுப்பாக வாங்கி வரும் பயணியின் செலவில் கணிசமான பங்கு தீவை எட்டுவதே இல்லை. பகல் சுற்றுலாவின் பணம் ஓட்டுநர், வழிகாட்டி, தெருவோரம் பருப்புப் பூரி விற்பவர் எனச் சிறு கைகளுக்குப் போகக்கூடியது. ஆனால், முன்பதிவு இணையதளம் தன் கழிவை எடுத்துக்கொண்ட பின், வழிகாட்டிக்கு மிஞ்சுவது சொற்பமாகிவிடும். அந்தக் குறையை ஈடுசெய்ய அவர் நினைவுப்பொருள் கடைகள் தரும் கமிஷனை நாட நேர்ந்தால், அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேரமும் கடைக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கப்படும். வழிகாட்டியின் ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதே அவர் எந்த வரலாற்றைச் சொல்வார் என்பதைத் தீர்மானிக்கிறது.

நகரத்தின் நிலையும் கவலைக்குரியது. 1860-களில் பரவிய மலேரியா, வசதி படைத்தவர்களை மேட்டுநில ஊர்களுக்கு விரட்டியது. அன்று முதல் போர்ட் லூயிஸ் மாலையில் காலியாகும் நகரம். அண்மைக் காலத்தில் அலுவலகங்களும் எபேன் போன்ற புதிய மையங்களுக்கு இடம்பெயர்ந்துள்ளன. 2013 மார்ச் இறுதியில் திடீர் வெள்ளம் 11 உயிர்களைப் பறித்தது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது நகர மையத்தில் கார்கள் மிதந்தன. வடிகாலுக்கும் பழைய கட்டடங்களுக்கும் நிதி இல்லையெனில், காட்டுவதற்கு நகரமே மிஞ்சாது.

ஆப்ரவாசி காட்டின் படிகளில் நிற்கும் பயணி கேட்க வேண்டிய கேள்வி மற்றொன்றும் உண்டு. பிறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்ட அத்தீவு, இன்று வங்கதேசம், இந்தியா, நேபாளம், மடகாஸ்கர் ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைக்கிறது. ஆடை ஆலைகளிலும் கட்டுமானத்திலும் உழைப்பவர்களுள் அவர்கள் கணிசமானோர். 1834-இன் ஒப்பந்தத்துக்கும் இன்றைய ஒப்பந்தத்துக்கும் சட்டத்தில் பெரும் வேறுபாடு உண்டு. எனினும், கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டி, முதலாளியை மாற்ற முடியாத அனுமதிச் சீட்டோடு வருபவரின் நிலையில் பழைய சாயல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நினைவிடம் கட்டிய நாடு இதை மறக்கலாகாது. அதேபோல, ராணுவத் தளத்துக்காகச் சாகோஸ் தீவுகளிலிருந்து அகற்றப்பட்டு, தலைநகரின் விளிம்பிலுள்ள ஏழைக் குடியிருப்புகளில் ஒதுங்கிய குடும்பங்களும் அந்நகரின் வரலாறே. சாகோஸ் இறையாண்மை குறித்து 2025 மே மாதம் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தான பின்னும், சுற்றுலாக் காரின் வழித்தடத்தில் அந்தத் தெருக்களுக்கு இடமில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. புதிய கட்டணத்தின் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தலைநகரின் பாரம்பரியக் கட்டடங்களுக்கும் வடிகால்களுக்கும் சட்டப்படி ஒதுக்கலாம். வழிகாட்டிகளுக்குக் கமிஷனைச் சாராத குறைந்தபட்ச நாளூதியத்தை உறுதிசெய்து, வரலாற்றுப் பயிற்சியும் அளிக்கலாம். இரு நினைவிடங்களையும் ஒரே நடைவழியாக இணைத்து, அடிமையின் கதையும் கூலியின் கதையும் ஒன்றன் தொடர்ச்சியே மற்றொன்று என்று சொல்லலாம். போட்டி போடும் இரு துயரங்களாக அவை நிற்கும் வரை, அரசியல்வாதிகளுக்கே ஆதாயம்.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு என்பதில் மகிழலாம். அடிமை முறை ஒழிந்த பிப்ரவரி முதல் நாளும் அங்கே விடுமுறை என்பதை உடன் அறிய வேண்டும். மொழியை இழந்தும் அடையாளத்தை இழக்காத அந்த மக்கள், நம்மிடம் பாராட்டைவிடப் புரிதலையே எதிர்பார்க்கிறார்கள். காரை அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் மெட்ரோவில் பயணம் செய்பவர், அந்தத் தீவை ஒன்றாகப் பிணைத்திருப்பது எதுவென்று தாமே கண்டுகொள்வார். அதற்கான விலையை இன்றளவும் செலுத்திக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பெட்டியில் அவரோடு பயணம் செய்பவர்கள்தாம்.