நீர்மேல் எழுத்தும் பொன் மையும்

நிலையாமைக்கு உவமை தேடிய நம் முன்னோர் ‘நீர்மேல் எழுத்து’ என்றனர். அந்த எழுத்தையும் நிலைக்கச் செய்யும் கைப்பணி ஒன்று உண்டு. கடற்பாசிச் சாற்றால் கொழகொழப்பாக்கிய நீரின்மேல் வண்ணத் துளிகளை மிதக்கவிட்டு, ஊசியாலோ சீப்பாலோ அலையவைத்து, படிகார நீர் பூசி உலர்த்திய தாளை மெல்லப் படியவைத்து எடுத்தால், நீரிலிருந்த கோலம் தாளில் ஏறிவிடும். துருக்கியர் இதனை ‘எப்ரு’ என்பர்; 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 17ஆம் நூற்றாண்டில் தக்காணத்துப் பீஜப்பூர் ஓவியர் இம்முறையால் சித்திரங்களே படைத்தனர்.

இக்கலை இப்போது பொன் மையும் வெள்ளி மையும் பூண்டு மினுங்குகிறது. கண்டிப் பகுதிப் பாடசாலைகளின் கைப்பணி வகுப்பில் இதனைக் கற்பிக்கலாமா என்று ஆசிரிய நண்பர் சிலர் என்னைக் கேட்டனர். கற்பிக்கத்தான் வேண்டும், ஆனால், பொன்னிலிருந்து தொடங்கலாகாது என்பதே என் கருத்து.

உலோகத்தூள் கனமானது, எளிதில் நீரில் அமிழ்ந்துவிடும். மாட்டுப் பித்தநீர் போன்ற பொருளை அளவறிந்து சேர்த்தாலன்றி அது பரந்து மிதவாது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மலிவான பொன் மை பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூளே. கண்டியின் ஈரக்காற்றில் அது கறுக்கும்; பச்சை பூக்கும். வேண்டுமாயின், கறுக்காத அப்பிரகத்தூள் கலந்த மையைப் பின்னர்ச் சிறிது சேர்க்கலாம்.

அழகு மட்டுமா இக்கலையின் பயன்? ஆங்கிலேய வணிகர் தம் பேரேடுகளின் விளிம்பில் இக்கோலத்தை ஒற்றுவித்தனர். ஓர் ஏட்டைக் கிழித்தாலும் கோலம் முறிந்து களவு வெளிப்படும். 1775இல் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் வெளியிட்ட 20 டொலர் தாளின் ஓரத்திலும் இக்கோலம் இருந்தது. ஒருமுறை தோன்றியது மறுமுறை தோன்றாது என்பதே அதன் காவல்.

கணக்கேட்டுக்கு இத்துணைக் காவல் இருந்த காலத்தில், மலையகத் தொழிலாளியின் வாழ்வு எதில் எழுதப்பட்டிருந்தது? ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டில். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் அம்மக்களின் பாடல்களும் கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் இன்றும் எத்தனையோ வீடுகளில் உதிரித் தாள்களாகவே கிடக்கின்றன. கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் அவை இரையாகுமுன் நாம் விழிக்க வேண்டாமா?

கண்டிக் கைவினைஞரின் திறனை ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, தம் நூலை வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். கைப்பணியைப் போற்றும் நூலும் கைப்பணியாகவே அமைய வேண்டும் என்னும் நேர்மை அது.

அந்த நேர்மையே நம் மாணாக்கருக்கு வேண்டும். பாட்டியிடம் கேட்டெழுதிய பாடல்களைத் தொகுக்கட்டும். தம் கையாலேயே தைத்துக் கட்டட்டும். அதன் அட்டைக்கும் விளிம்புக்கும் தாமே கோலம் ஒற்றட்டும். நீரைக் கொழகொழப்பாக்கும் கராஜீனன் தரும் கப்பாபைக்கஸ் பாசி நம் வடகடலிலேயே பயிராகிறது. பொருளுக்குப் பஞ்சமில்லை. காப்பதற்குரிய ஏடு எது என்று அறியும் மனமே வேண்டும். அதனை ஊட்டுவது ஆசிரியப் பெருமக்களின் கடன்.